மூன்று பேருக்கு ஒரு விலங்கியல்

“அந்தக்காகிட்ட கேள்வி கேக்காதடா, வாயே தொறக்காது. சீட்டு எழுதிக் குடு, புத்தகம் தானா வந்துடும்.”

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு மாணவன் இன்னொருவனுக்குச் சொன்னது இது. அந்தக்கா நான்தான். எண்பதுகளின் தொடக்கம். இருபத்திரண்டு வயது, பி.ஏ. பட்டம், புதுச்சேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் தற்காலிகப் பணி. புத்தக வங்கி என்று பெயர் எழுதிய கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வசதியில்லாத மாணவர்களுக்கு வருடம் முழுவதற்குமான பாடப்புத்தகங்களைக் கொடுத்து, கடைசியில் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். அலமாரியில் எத்தனை புத்தகம் இருந்தாலும் கேட்கிறவருக்கு வேண்டியது மட்டும் வேறொருவரிடம் இருக்கும் என்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கவுண்டருக்கு வெளியே நின்று நீங்கள் பட்ட பாடு உங்களுக்கு மறந்திருக்காது. உள்ளே உட்கார்ந்தவள் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

வரிசைப்படி வெட்டியது

புத்தகங்கள் குறைவு என்பதால் மூன்று பேருக்கு ஒரு செட் என்று விதி. மூவரும் ஒரே அட்டையில் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு இரண்டு நாள் என்று முறை வைத்துப் படிக்க வேண்டும். யாரோடு யாரைச் சேர்ப்பது என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. கேட்கக் கூச்சம். வகுப்புப் பட்டியலை எடுத்து, அதில் இருந்த வரிசைப்படி மூன்று மூன்றாக வெட்டிவிட்டேன்.

அப்படி விலங்கியல் முதலாண்டில் பதினேழாம் செட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் நூர்ஜகான், ரவி, வேலு. ரவியின் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. வேலு குருசுக்குப்பத்தில் மீன் பிடிக்கும் குடும்பத்துப் பையன். நூர்ஜகானின் அப்பா மார்க்கெட்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தார். ஒரே வகுப்பில் படித்தாலும் பையன்களும் பெண்களும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாத காலம் அது. இரண்டு பையன்களோடு ஒரு பெண்ணைக் கட்டிப் போட்டிருக்கிறேன் என்பது அட்டையில் மூன்று கையெழுத்தும் விழுந்த பிறகுதான் உறைத்தது.

நூலகரிடம் போனேன். பழைய பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்; கல்லூரியில் எல்லாருக்கும் அவர் முசியே. என்னை மத்மசேல் என்பார். அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“மசியில எழுதியாச்சு மத்மசேல். இனிமே யார் வந்து சொன்னாலும் செட்டு செட்டுதான்.”

கவுண்டர் வழியாக

பேசாமல் புத்தகம் கைமாற வேண்டும். அதற்கு வழி அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒருவர் என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். அரை மணி கழித்து அடுத்தவர் வந்து எடுத்துக்கொள்வார். சொல்ல வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி முதல் பக்கத்தில் செருகி வைப்பார்கள். பெயர் எழுதுவதில்லை. கையெழுத்தை வைத்து ஆளைத் தெரிந்துகொள்வேன். பிறர் கடிதத்தைப் படிக்கலாமா என்று கேட்காதீர்கள். நாள் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

ஒரு நாள் நூர்ஜகான் எழுதியிருந்தாள்: ‘112-ம் பக்கத்தில் எண்ணெய்க் கறை. நான் இல்லை.’ அதன் கீழே வேலு: ‘நானும் இல்லை. எங்க வீட்டுல புத்தகத்தைப் பரண் மேலதான் வைப்போம்.’ ரவி மதியத்தில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் மில் வாசலில் காத்திருக்கும் நேரத்தில் படிக்கிறவன். அவன் பதில் இரண்டு நாள் கழித்து வந்தது.

‘எண்ணெய் இல்லை. மில் கேண்டீன் மசால்வடை. மன்னிக்கவும்.’

எறாவின் மீசை

புத்தகத்தில் பென்சில் பட்டால் முசியேவுக்குப் பொறுக்காது. மாதம் ஒரு முறை செட்டுகளை வரவழைத்துப் புரட்டிப் பார்ப்பார். பதினேழாம் செட்டில் எறாவின், அதாவது இறாலின், படம் ஒன்று பக்கம் முழுக்க இருந்தது. அந்த எறாவுக்கு யாரோ பென்சிலால் நீட்டிய மீசை படத்தின் ஓரத்தைத் தாண்டி, அச்சடித்த வரிகளுக்கு நடுவே வளைந்து போயிருந்தது. வேலுவைக் கூப்பிட்டார். அவன் மறுக்கவில்லை. “மீசை ஒடம்பவிட நீளம் முசியே. இதுல வரைஞ்சவன் எறாவ சோத்துலதான் பாத்துருக்கான்” என்றான்.

ரப்பரை அவன் முன்னால் நகர்த்தினார் முசியே. அவனும் நின்றபடியே, தாள் கசங்காமல், மெதுவாக அழித்தான். தூளை ஊதிவிட்டுப் புத்தகத்தை நீட்டினான்.

“அழிச்சிட்டேன் முசியே. ஆனா இந்த எறாவ எங்கம்மா கூடையில சேக்காது.”

தையல்காரர்

அரையாண்டுத் தேர்வில் நூர்ஜகான் ஒரே ஒரு பேப்பரில் தவறினாள். அது விலங்கியல். மறு வாரம் அவள் அப்பா வந்தார். கழுத்தில் அளவு நாடா. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கவுண்டருக்கு இரண்டடி தள்ளியே நின்றார்.

“நீங்க படிச்ச பொண்ணு, உங்ககிட்ட கேக்கறேம்மா. கடலூர்லேர்ந்து ஒரு நல்ல எடம் வந்துருக்கு. அவங்க அவசரப்படறாங்க. இது படிக்கணும்னு அழுவுது. சரி, பெரிய பரீச்சையில எல்லாத்துலயும் தேறு, மேல படிக்க வைக்கிறேன். ஒண்ணு போனாலும் கல்யாணம்னு சொல்லிட்டேன். நான் சொன்னது தப்பா?”

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்னுடையது, வரிசைப்படி வெட்டியவள் நான்தான் என்று சொல்லவும் வரவில்லை. அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் நூலகத்தைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் திரைமேல் அவர் பார்வை நின்றது.

“கோணலா தச்சிருக்கான் பாருங்க. அது பாஸ் பண்ணட்டும், இந்தத் திரைய நானே பிரிச்சுத் தச்சுத் தரேன்.”

தலைமாட்டில்

தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தபோது ரவிக்கு மஞ்சள் காமாலை. புத்தகம் அவன் முறையில் இருந்தது. ஒரு வாரமாயிற்று, வரவில்லை. நூர்ஜகானுக்கு நட்சத்திர மீன் வரும் பாடம் மட்டும் பாக்கி. அதிலிருந்து ஒரு பெரிய கேள்வி வந்தே தீரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மற்ற செட்டுகளில் இருந்தவை பழைய பதிப்பு, அந்தப் பாடம் அவற்றில் இல்லை. இந்தப் பதிப்பில் நூலகத்திடம் இருந்த இன்னொரு பிரதியை ஒரு விரிவுரையாளர் வீட்டுக்கு எடுத்துப்போய் வருடங்கள் ஆகியிருந்தன. அவரிடம் கேட்க முசியேவே தயங்குவார். கடையில் கேட்டால் சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார்கள்.

அவள் என்னிடம் கேட்டாள், நான் வேலுவுக்குச் சீட்டு எழுதினேன். அவன் சைக்கிளில் ரவி வீட்டுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினான். நூர்ஜகான் பத்தடி தள்ளி நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்கும்படி, ஆனால் என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

“புத்தகம் அவன் தலமாட்டுலயே கெடக்குதுக்கா. அத எடுத்துட்டுப் போனா நோவும் கூடவே போவும், ஊரான் புள்ளைக்கு நான் அனுப்ப மாட்டேன்னு அவங்கம்மா அழுவுது.”

சீல்

இனி நான் சொல்லப்போகும் விதியை நீங்கள் நம்ப வேண்டும். தேர்வுக்குப் பத்து நாள் முன்பு எல்லா செட்டும் வங்கிக்குத் திரும்ப வேண்டும். மாணவர் ஒப்படைத்துவிட்டார் என்று முசியே முத்திரை குத்தினால்தான் அலுவலகத்தில் ஹால் டிக்கெட் கொடுப்பார்கள். செட்டில் ஒன்று வராவிட்டால் மூன்று பேருக்கும் கிடையாது. திரும்பிய புத்தகங்களைக் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் வைத்துப் பூட்டி, இரண்டு கதவுக்கும் குறுக்கே ஒரு தாளை ஒட்டி, முசியே அதன்மேல் கையெழுத்துப் போடுவார். தேர்வு முடியும்வரை அந்தத் தாளை யாரும் தொடக்கூடாது. அதாவது, படிக்க வேண்டிய அந்தப் பத்து நாளும் புத்தகங்கள் பத்திரமாக இருக்கும்.

கடைசி நாள் மதியம் ரவி வந்தான். கண்கள் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தன. புத்தகத்தைப் புதுச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தான். “நானும் படிக்கலக்கா, கண்ணே தொறக்க முடியல” என்று அவளுக்கும் சேர்த்துச் சொல்வதுபோலச் சொன்னான். மூன்று பேருக்கும் முத்திரை விழுந்தது. நூர்ஜகான் முத்திரை வாங்கிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றாள். நான் புத்தகங்களை பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, அத படுக்க வைக்காதீங்க. 214-ம் பக்கத்தத் தொறந்து, கண்ணாடியப் பாத்தாப்பல நிக்க வச்சுடுங்க.”

214-ம் பக்கம்

வைத்தேன். இரண்டு தடித்த புத்தகங்களை முட்டுக் கொடுத்து, நட்சத்திர மீன் பாடம் தொடங்கும் 214-ம் 215-ம் வெளியே தெரியும்படி. முசியே வந்து பூட்டி, தாளை ஒட்டி, கையெழுத்துப் போட்டார். அவர் உயரமானவர், கீழ்த்தட்டை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே நூர்ஜகான் வந்துவிட்டாள். பீரோ முன்னால் குந்தி உட்கார்ந்து, மடியில் நோட்டு வைத்து எழுத ஆரம்பித்தாள். மதியத்துக்குள் இரண்டு பக்கமும் முடிந்தது. பாடம் பதினாறு பக்கம். அப்புறமும் அவள் எழுந்து போகவில்லை. எழுதியதையே எழுதினாள், படத்தை அழித்து அழித்து வரைந்தாள். அதற்கடுத்த நாளும் அதே இரண்டு பக்கத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வேலு வந்து கொஞ்ச நேரம் தூர நின்று பார்த்தான். ஒரு சீட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். ‘நட்சத்திர மீனுக்குக் கை அஞ்சு. ஒடைஞ்சா திரும்ப முளைக்கும். மீதி எனக்கும் தெரியாது.’ அவளிடம் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் முசியே என்னைக் கூப்பிட்டார்.

“மத்மசேல், பதினேழாம் செட்டு மட்டும் ஏன் நின்னுக்கிட்டு இருக்கு?”

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். சீட்டு எழுதிக் காட்ட முடியாத கேள்வி. வாயைத் திறந்தேன். வரிசைப்படி வெட்டியது, காமாலை, கடலூர் மாப்பிள்ளை, தையல்காரர் போட்ட நிபந்தனை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். “பதினாறு பக்கம் முசியே. ரெண்டுதான் வெளிய தெரியுது. மீதிக்காக மேசையில வச்சாவது படிக்க விடலாமே” என்று முடித்தேன். அந்த நூலகத்தில் நான் அதுவரை பேசியதெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“பூட்டின புத்தகம் மேசைக்கு வராது. சீல் வச்சது வச்சதுதான்.”

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். நூர்ஜகான் நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு முசியே தன் அறையிலிருந்து வந்தார். ஒரு கையில் சாவி, ஒரு கையில் கோந்து பாட்டில், சட்டைப் பையில் நீளமாக வெட்டிய வெள்ளைத் தாள். நூர்ஜகான் எழுந்து ஒதுங்கினாள். அவர் தன் கையெழுத்து இருந்த தாளைக் குறுக்கே கிழித்தார். பூட்டைத் திறந்தார். குனிந்து, புத்தகத்தில் ஒரே ஒரு தாளைத் திருப்பி, முட்டுப் புத்தகங்களைச் சரிசெய்தார். கதவைப் பூட்டினார். புதுத் தாளை ஒட்டி, கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினார். அறைக்குப் போய்விட்டார்.

மறுநாளும் பத்து மணிக்குக் கோந்து பாட்டிலோடு வந்தார்.