மருதமுனையில் ஒரு சஹன் பூட்டின்

வெள்ளிக்கிழமை, விடியற்காலை.

திருகோணமலையில் கல்முனை பஸ்ஸில் ஏறும்போது என் கையில் ஐஸ் போட்ட ஒரு ரெஜிபோம் பெட்டி, வெள்ளை நுரைப்பலகையால் செய்தது, இருந்தது. கொண்டக்டர் அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணன், மீனா?"

"இல்லத் தம்பி, சீஸ்."

"அதானே பார்த்தன். கல்முனைக்கு மீன் கொண்டுபோற ஆளும் இருக்கோ எண்டு நினைச்சிட்டன்" என்று சிரித்துவிட்டு, பெட்டியை என் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஏறத்தாழ நூற்றெழுபது கிலோமீற்றர். ஐஸ் கரைந்து என் காற்சட்டை நனைந்ததுதான் அந்தப் பயணத்தின் முதல் அனுபவம்.

நான் சமையற்காரன் அல்ல. இளவயதில் மூன்று வருடம் மொன்றியலில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் உருளைக்கிழங்கு பொரித்தவன். அங்கே என்னோடு ஒரே அறையில் இருந்தவன் மருதமுனையைச் சேர்ந்த ரிபாஸ். எனக்குக் குளிர் ஒத்துவரவில்லை, ஊருக்கு ஓடி வந்துவிட்டேன். அவன் அங்கேயே கல்யாணம் முடித்து, லொறி ஓட்டி, ஒரு மகளுக்கும் தகப்பனானான். போன மாரியில் அவன் மனைவி காலமாகிவிட்டார். நாட்கணக்காக ரோட்டிலேயே கிடக்கும் மனிதன் ஒன்பது வயதுப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? மகள் ஹனாவை மருதமுனைக்குக் கூட்டிவந்து, தங்கை ஜெஸ்மினின் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

அது நடந்து இரண்டு மாதம். போன கிழமை எனக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், புள்ள சோத்துல கை வைக்கிறாளில்ல. பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான். மெலிஞ்சி போனாளாம். ஒருக்கா மட்டும் பூட்டின் கேட்டாளாம், ஜெஸ்மினுக்கு அது என்னண்டே தெரியா. எனக்கும் திங்கத்தான் தெரியும். நீ போய்ச் செஞ்சி குடுடா. இனியும் திங்காட்டி வந்து கூட்டிட்டுப் போயிருவன். இஞ்ச வெச்சி எப்படிப் பாக்கிற எண்டுதான் எனக்கு விளங்குதில்ல."

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. நகரத்துப் பெரிய கடையில் ஹலால் முத்திரை பார்த்து இரண்டு பொதி சீஸ் வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

காலை, பாதை நெடுக.

கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல், வாகரை என்று பாதை கடலை விடாமல் போகிறது. ஒரு காலத்தில் பாதை நின்ற இடங்களில் எல்லாம் இறங்கி வள்ளத்தில் கடக்க வேண்டும். இப்போது பாலங்கள் வந்துவிட்டன, பஸ் பறக்கிறது. மட்டக்களப்பில் பாதிப்பேர் இறங்க, அதைவிடக் கூடுதலான ஆட்கள் ஏறினார்கள். காத்தான்குடியில் வீதி நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைப் பார்த்தபோது வழக்கம்போல ஆச்சரியப்பட்டேன். களுவாஞ்சிக்குடி, கல்லாறு கடந்து பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. அடுத்தது மருதமுனை. கல்முனை வரை போகத் தேவையில்லை.

பிரதான வீதியில் ஜெஸ்மினின் கணவர் நிஸார் மோட்டார் சைக்கிளோடு நின்றார். சாரன் வியாபாரி, நெய்யும் வீடுகளில் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறவர். ஆளைப் பார்த்தாலே சிரிப்பு வரும் முகம்.

"இந்தச் சாமானுக்கு என்ன பேர் சொன்னீங்க, பூட்டினா? பேரே சரியில்ல அண்ணன். அதான் எங்கட புள்ள வாயப் பூட்டிட்டு இருக்கு. தொறப்பு கொண்டு வந்தீங்களா?"

பெட்டியைக் காட்டினேன். "உள்ளே இருக்கு" என்றேன். அப்போது எனக்கு இருந்த தைரியத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெஸ்மின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். "வாங்கண்ணன், வாங்க. ரிபாஸ் நானா எல்லாம் சொன்னாரு. நான் சாமானெல்லாம் எடுத்து வெச்சிட்டன்." மேசையில் நுவரெலியாக் கிழங்கு, எலும்போடு மாட்டிறைச்சி, வெங்காயம், மிளகு. நடுவில் வாய் கட்டிய ஒரு பெரிய மண்சட்டி.

"இது என்ன?"

"தயிர்" என்றார் நிஸார் பெருமையாக. "சும்மா கடைத் தயிரில்ல, இறக்காமத்து எருமத் தயிர். விடியச் சுபஹு தொழுதிட்டு வெளிக்கிட்டன். வழியில யானை நிண்டு, அது போகுமட்டும் காத்து நிண்டு கொண்டு வந்திரிக்கன்."

மருதமுனையிலிருந்து இறக்காமம் கடற்கரைப் பாதையை விட்டு வயல்வெளிக்குள் போகும் நீண்ட ஓட்டம். இவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டேன். ஜெஸ்மின் போனை எடுத்து, ரிபாஸ் பேசி அனுப்பிய செய்தியைப் போட்டுக் காட்டினார். லொறி இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்: "கிழங்கப் பொரிக்கிற, கேர்ட் போடுற, மேலால எறச்சி ஆணம் ஊத்துற. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இலங்கையில் கேர்ட் என்றால் மண்சட்டியில் வரும் எருமைத் தயிர்தான், வேறெதுவும் இல்லை. ஆனால் மொன்றியலில் பூட்டினுக்குப் போடுவது சீஸ் கேர்ட், அதாவது உறைய வைத்து இறுகிய, பல்லில் கடித்தால் கீச்சிடும் சீஸ் கட்டிகள். பொரித்த கிழங்கின்மேல் அதைத் தூவி, கொதிக்கும் இறைச்சிக் குழம்பை ஊற்றினால் சீஸ் பாதி உருகிப் பாதி உருகாமல் நிற்கும். பனி கொட்டும் இரவில் அதைத் தின்றால் உயிர் திரும்பி வரும். இவ்வளவையும் ஒரு வாத்தியாரைப் போல விளக்கினேன். அந்தச் சீஸ் கட்டி இங்கே கிடைக்காது, அதற்குக் கிட்டவாக இருக்கும் என்றுதான் இதை வாங்கி வந்தேன் என்றும் சொன்னேன்.

நிஸார் சட்டியைப் பார்த்தார். "அப்ப அந்த யானைக்கு நான் சும்மாதான் பயந்திரிக்கன்" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மூலையில் வைத்தார்.

பகல், ஜும்ஆத் தொழுகைக்குப் பின்.

சஹன் என்பது அகன்ற பெரிய தட்டு. கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் சாப்பிடுவார்கள். இந்த வீட்டில் வெள்ளிக்கிழமைப் பகலிலும் சஹன்தான். முன்னறையில் எனக்கும் நிஸாருக்கும் அவருடைய தம்பிக்கும் ஒன்று. சேலைத் திரைக்கு அப்பால் உள்ளறையில் ஜெஸ்மினுக்கும் அவருடைய இரண்டு மகள்மாருக்கும் ஒன்று.

சஹனுக்கு ஒரு சட்டம் உண்டு. தன் முன்னால் இருப்பது தன் பக்கம், மற்றவன் பக்கத்தில் கை வைக்கக் கூடாது. ஆனால் தன் பக்கத்து நல்ல துண்டை மற்றவன் பக்கம் தள்ளி விடலாம். தள்ளித்தான் விட வேண்டும். "உங்கட பக்கம் வெறுமையாக் கிடக்கு அண்ணன்" என்று நிஸார் தள்ளிய இறைச்சியை உண்டு முடிக்க என்னால் முடியவில்லை.

ஹனாவை அப்போதுதான் பார்த்தேன். ஜன்னலோரக் கதிரையில், மடியில் சிறிய பீங்கானோடு. அதில் நாலு பிஸ்கட். தகப்பனின் நெற்றி, மெலிந்த கை. என்னைப் பார்த்து மரியாதையாகச் சலாம் சொல்லிவிட்டு மீண்டும் ஜன்னலுக்குத் திரும்பிவிட்டாள்.

"ஜெஸ்மின் ஒவ்வொரு வெள்ளியும் அவக்கு ஒரு பக்கம் விட்டுத்தான் சோறு போடுவா" என்று நிஸார் மெதுவாகச் சொன்னார். "நல்ல எறச்சியா அந்தப் பக்கம் தள்ளி வெப்பா. புள்ள வாறல்ல. கடைசியில கோழிக்குத்தான் போற."



மாலை, அஸர் தொழுகைக்குப் பின்.

பின் முற்றத்து அடுப்படியில் வேலை தொடங்கியது. கிழங்கை விரல் மொத்தத்துக்கு வெட்டித் தண்ணீரில் ஊறவிட்டு, துடைத்து, இரண்டு தரம் பொரித்தேன். எலும்பை வெங்காயத்தோடும் மிளகோடும் அவித்து வடித்து, வறுத்த மா கரைத்துக் குழம்பை இறுக்கினேன். ஜெஸ்மின் தேங்காய்ப்பால் கிண்ணத்தோடு பக்கத்திலேயே நின்றார்.

"கொஞ்சம் பால் விட்டா என்னண்ணன்? பாலில்லாம ஆணமா?"

"வேண்டாம் தங்கச்சி. இது வேற சாமான்."

"மிளகாய்த்தூள்?"

"அதுவும் வேண்டாம்."

"அல்லாவே, இதத் திண்டா அந்த நாட்டு ஆக்கள் வளர்ந்தாங்க" என்று பெருமூச்சு விட்டார். ஆனால் கண்ணெல்லாம் என் கையில்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் மனதில் பதிய வைத்துக்கொண்டிருந்தார்.

முழுவதையும் ஒரு பெரிய தட்டில் குவித்து, சீஸ் தூவி, குழம்பை ஊற்றினேன். நிஜமாகவே நன்றாக வந்திருந்தது. ஹனாவைக் கூப்பிட்டார்கள். வந்தாள். ஒரு துண்டை எடுத்தாள். சீஸ் நூல்போல நீண்டது. ஒரு கடி கடித்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லம், தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். மிச்சத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

ஜெஸ்மின் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. நான் குந்தியிருந்து பிள்ளையிடம் கேட்டேன்.

"சரியில்லையா மகள்?"

"கடையில விக்கிற மாதிரியே இருக்கு."

ஒரு கணம் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டேன்.

"நாங்க கடையில தின்னுறல்ல. சீஸ் ஹலாலா எண்டு தெரியாண்டு உம்மா வாங்குறல்ல" என்றாள். மொன்றியலில் பிறந்த பிள்ளை, பேச்சு அப்படியே மருதமுனை. "உம்மா தயிர்தான் போடுவா. துணியில கட்டித் தொங்கவிட்டு, கட்டியாக்கி. சூடு ஆணம் ஊத்துனா அது கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். தயிர் இல்லயா மாமி?"

ரிபாஸ் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். நிஸாரும் யானையைத் தாண்டிச் சரியானதைத்தான் கொண்டு வந்திருக்கிறார். குழப்பியவன் நான் ஒருவன்தான். அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. இந்தப் பூட்டினைப் பற்றிக் கடல் கடந்தும் கதைத்த பெரியவர்கள் நாங்கள், "உம்மா எப்படிச் செய்வா?" என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உம்மா பேச்சை எடுத்தால் பிள்ளை அழுவாள் என்று எல்லோருக்கும் பயம்.

நிஸார் உள்ளே போய்ச் சட்டியைத் தூக்கி வந்தார். கட்டை அவிழ்த்தார்.

"தொங்கவிடணும் மாமா" என்றாள் ஹனா.

"இறக்காமத்துத் தயிருக்குத் துணி தேவல்ல மகள். பாருங்க" என்று சொல்லி, சட்டியைத் தன் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்தார். நிஸாரின் மகள்மார் கத்தினார்கள். ஜெஸ்மின் "ஐயோ, சட்ட நாசம்!" என்று கையை ஓங்கினார். தயிர் அசையவில்லை. பிறகு ஒரு சின்னக் கட்டி மட்டும் ஓரத்தால் வழுக்கி, அவர் மூக்கில் விழுந்தது.

ஹனா சிரித்தாள். சத்தமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குப் பிறகு மீண்டும் கிழங்கு பொரித்தோம். இந்தமுறை மேற்பார்வை ஹனா. எவ்வளவு தயிர், எந்த இடத்தில், குழம்பு எவ்வளவு சூடு என்று எல்லாம் அவள் சொற்படி. தட்டு எடுக்கப் போன ஜெஸ்மினிடம், "வீட்டுல ஒரே தட்டுதான் மாமி, மூணு பேரும் ஒண்டாத்தான் தின்னுற" என்றாள். ஜெஸ்மின் பகல் கழுவி வைத்த சஹன்களை எடுத்து வந்தார்.

நானும் நிஸாரும் முன்னறையில் எங்கள் சஹனில் கை வைத்தோம். எருமைத் தயிரின் புளிப்பும் மிளகுக் குழம்பின் காரமும் சேர்ந்து, நான் மொன்றியலில் தின்ற எந்தப் பூட்டினையும்விட அது நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் காதெல்லாம் திரைக்கு அப்பால்தான். முதலில் பாத்திரச் சத்தம். பிறகு ஹனாவின் குரல்.

"மாமி, உங்கட பக்கம் தயிர் முடிஞ்சி."

"எனக்குக் காணும் மகள். நீங்க தின்னுங்க."

"இல்ல, இந்தாங்க. உம்மாக்கும் நான்தான் தள்ளி விடுற."

பிறகு ஜெஸ்மின், உடைந்த குரலில், "தாங்க மகள்" என்றார்.

நிஸாரின் கை சஹனில் அப்படியே நின்றது. குனிந்திருந்த முகத்தை அவர் நிமிர்த்தவில்லை. அன்றிரவு ரிபாஸ் போன் எடுத்தபோது அவர்தான் பேசினார். "ஓம் மச்சான், திண்டா. வயிறு நெறையத் திண்டா. கூட்டிட்டுப் போற கதைய விடுங்க. பாக்க வாங்க, கூட்ட வராதீங்க."

சனிக்கிழமை.

புறப்படும்போது ஜெஸ்மின் என் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுப் பாரை மீன் நிரப்பித் தந்தார். வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. மிஞ்சிய சீஸ் பொதியை ஹனா அக்காமாரோடு பாண் தின்ன எடுத்து வைத்துக்கொண்டாள். ஹலால் முத்திரையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான். வாசலில் நின்று கை காட்டியபோது அவள் வாயில் ஏதோ இருந்தது, மென்றுகொண்டே காட்டினாள்.

பஸ்ஸில் வேறொரு கொண்டக்டர். "என்ன அண்ணன், மீனா?" என்றார். "ஓம், மீன்தான்" என்றேன்.

எங்கள் வீட்டில் நானும் மனைவியும் மட்டும். இருவருக்கும் தனித்தனிச் சாப்பாட்டுக் கோப்பை, அதாவது தட்டு. தொலைக்காட்சியைப் பார்த்தபடி சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். அன்றிரவு பாரைக் குழம்பில் நல்ல நடுத்துண்டு என் கோப்பையில் விழுந்திருந்தது. அதை எடுத்து மனைவியின் கோப்பையில் வைத்தேன்.

"ஏன், உப்புக் கூடிப்போச்சோ?" என்று கேட்டாள்.

"இல்லை. உம்மட பக்கம் வெறுமையாக் கிடந்தது."

"அதென்ன பக்கம்?" என்றாள் அவள். நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, சொல்லத் தொடங்கினேன்.