அயர்னிங் ஜன்னலில் ஒரு வாண்டா

மண்ணில்லாமல் செடி வளர்ப்பவளுக்கு ஊரெல்லாம் வாத்தியார்கள். ஆர்க்கிட்டைத் தொங்கவிட்டு ஏச்சு வாங்கும் என் சக பாவிகளே, இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது: எங்கள் மேனேஜர் சுப்பிரமணி அண்ணனின் முகம் போன போக்கு. அதை இப்போது தரமாட்டேன். முதலில் என் செடி பட்ட பாட்டைக் கேட்டே ஆகவேண்டும்.

பட்டினிக் கேஸ்

பெருமாநல்லூரில் அப்பாவுக்கு பனியன் கம்பெனி. எனக்கு ஒரு வாண்டா. வெயில் ஊர் ஆர்க்கிட் அது. மரக்கூடையில் தொங்கும், வேரெல்லாம் காற்றில் ஆடும், ஈரக்காற்றைக் குடித்தே பிழைக்கும். மூலனூரிலிருந்து வந்த அத்தை நான் ஸ்கூல் விட்டு வருவதற்குள் அதைத் தொட்டியில் நட்டு, செம்மண் கொட்டி, சாணியும் கரைத்து ஊற்றியிருந்தார். தோண்டியெடுத்து வேர் வேராகக் கழுவினேன். பக்கத்தில் நின்று அத்தை கேட்டதை இன்றும் அவர் குரலிலேயே சொல்லிக்காட்டுவேன்: "வாயில்லாத சீவனப் பட்டினி போட்டுத் தொங்க உட்டிருக்கறயே, உனக்கே ஞாயமா கண்ணு?"

பிசிறு

எங்கள் ஊரில் ஈரக்காற்றுக்கு எங்கே போவது? அயர்னிங் செக்‌ஷன் ஜன்னலில் நாளெல்லாம் ஸ்டீம் வருகிறது. அங்கே கொக்கி அடித்து மாட்டினேன். புது வேர்கள் பச்சை நுனியோடு இறங்கின. செக்கிங்கில் இருக்கும் மரியக்கா திருநெல்வேலிக்காரர். துணியில் நூல் தொங்கினால் அவர் கை சும்மா இருக்காது. ஒருநாள் டீ நேரத்தில் நூல் வெட்டும் டிரிம்மரோடு அந்தப் பக்கம் வந்திருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது பாதி வேர் தரையில். மரியக்கா முகத்தில் அத்தனை பெருமை: "ஏ பிள்ள, ஒரு பிசிறு விடாம நறுக்கிட்டேன், இனி பாஸ் ஆயிரும்லா?"

மொதலாளி உத்தரவு

அதற்கும் சாகாமல் மறுபடி வேர் விட்ட செடியை அப்பா தூக்கச் சொன்னார். சரக்கு வாங்கும் பையர் கம்பெனியைப் பார்க்க வருகிறாராம். "பூக்காத செடிக்குக் கம்பெனீல என்ன வேல? நாளைக்கு அது அங்க இருக்கக் கூடாது." ஸ்டீமை விட்டு எடுத்தால் இந்தக் கோடையில் கருகிப்போகும். கெஞ்சவில்லை. ஆபீஸ் ரூமுக்குப் போய் இன்டர்காமை எடுத்தேன். அப்பா மாதிரியே இரண்டு தரம் செருமி, அவர் குரலிலேயே பேசினேன். "சுப்பிரமணி, அயர்னிங் ஜன்னல்ல இருக்கற செடிய எவனும் தொடக் கூடாது. நானே வந்து சொன்னாலும் கேக்காத." கண்ணாடி வழியே பார்த்தேன். சுப்பிரமணி அண்ணன் எழுந்து நின்று "சரிங்க மொதலாளி" என்றார்.

மறுநாள் காலை அப்பா அவரிடம் செடியைக் கழற்றச் சொன்னார். சுப்பிரமணி அண்ணன் ஜன்னலை மறித்துக்கொண்டு நின்றார்.

"முடியாதுங்க. நீங்க சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க."

"நா எப்பய்யா சொன்னேன்?"

"நேத்துத்தானுங்க. செருமிட்டுச் சொன்னீங்களே."

அயர்ன் மாஸ்டர்கள் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை. துணிப் பீஸ் மூட்டைக்குப் பின்னாலிருந்து அப்பாவாகச் செருமி, "அப்படிச் சொல்லு சுப்பிரமணி!" என்றேன்.

அவர் அப்பாவின் மூடிய வாயைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"இப்பத் தெரிஞ்சுதல்ல? எடு," என்றார் அப்பா.

"எடுக்கறேனுங்க. ஆனா இனிமே எந்தச் சத்தம் உங்களுதுன்னு எனக்கெப்படீங்க தெரியும்? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

ஒரு செடியைத் தூக்கக் கையெழுத்துப் போட்ட முதலாளி என்று ஊருக்குள் பேரெடுக்க அப்பாவுக்கு மனசில்லாததால் வாண்டா அங்கேயே தொங்குகிறது, என்னைத்தான் ஆபீஸ் ரூமுக்குள் விடுவதில்லை.