ரூத்தின் வெள்ளை வட்டம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முசரவாக்கத்திலிருந்து வாடகைச் சைக்கிளில் வந்து, செவிலிமேட்டில் மூன்று மாடி வீடு கட்டினேன். இரண்டு பந்தல் வண்டி, எழுநூறு நாற்காலி, ஆயிரம் பேருக்குச் சமைக்கும் பாத்திரம், எல்லாம் என் உழைப்பு. மகள் கிரேஸைப் படிக்க வைத்ததும் நான்தான். ஒரே குடும்பத்தில் புற்றுநோய் ஏன் வழிவழியாக வருகிறது என்று நம் பக்கத்து ஜனங்களிடம் முதன்முதலில் ஆராய்ந்தவள் அவள்.

எழுநூறு நாற்காலி இருந்தும், போன வருஷம் என் வீட்டில் ஒரு நாற்காலியில்தான் ஆள் இருந்தது. அதுவும் நான்தான்.

கிரேஸ் ஊர் ஊராகப் போய், குடும்பம் குடும்பமாகப் படம் போடுவாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம். நோய் வந்தவர்களைக் கறுப்பாக்குவாள். எங்கள் குடும்பத்துக்கும் போட்டாள். அதில் அவள் அம்மா ரூத்தின் வட்டம் வெள்ளையாகவே இருந்தது. மஞ்சள் காமாலையில் போனாள் என்று நான் சொல்லியிருந்தேன். மார்பில் புற்று என்று தெரிந்தால் நம் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? கிரேஸ் அப்போது ஹாஸ்டலில் படித்த சின்னப் பிள்ளை.

பீரோவில் கிடந்த ரூத்தின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒருநாள் அவள் கையில் சிக்கியது.

"இத்தினி வருஷமா என்னாண்டயே பொய் சொல்லிக்கினு இருந்தியாப்பா?"

அன்றைக்குப் போனவள்தான். போனை எடுக்கவில்லை. எல்லாக் குடும்பமும் என்னைப் போலவே மறைத்தது. ரூத்தின் சொந்தங்கள்கூட ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க வரவில்லை. ஆள் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள் என்று அவளோடு வேலை செய்கிறவர் சொன்னார்.

தனியாகச் சோறு வடித்து, தனியாகத் தின்று, முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இவங்க வாயைத் தொறங்க" என்று நாற்பது நாள் கேட்டேன். கடைசி நாள் காலையில் மனதில் ஒன்றே ஒன்று வந்தது. முதலில் உன் வாயைத் திற.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, ரூத் போனது மார்புப் புற்றில்தான், நான்தான் மறைத்தேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். ஒருவரும் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் ரூத்தின் தங்கை மேரி வந்து நின்றாள்.

"மாமா, எனக்கும் மார்ல கட்டி இருக்குது. பொண்ணுங்க ரெண்டும் கல்யாணத்துக்கு நிக்குதுங்களேன்னு யாராண்டயும் சொல்லல."

அவளே கிரேஸுக்குப் போன் போட்டாள். ஆபரேஷன் நடந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கையை மீறியிருக்கும் என்றார் டாக்டர். மேரி இன்று நம் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். என் வாசலில் பந்தல் போட்டேன். கிரேஸும் அவளோடு வேலை செய்கிறவர்களும் வந்து, என் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் ரத்தம் எடுத்தார்கள். தெருவில் போன பால்காரர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னா பெருசு, கல்யாணமா, சாவா?"

"ரெண்டும் இல்லப்பா. சாவாம இருக்கறதுக்கு."

கிரேஸ் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்! பேனாவை என் கையில் கொடுத்தாள். ரூத்தின் வட்டத்தை நானே கறுப்பாக்கினேன்.

மறுநாளே அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் மறுபடியும் நான் மட்டும்தான். ஆனால் ஞாயிறு தவறாமல் போன் வருகிறது. ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டிலும் மூடி வைத்த வியாதி இருந்தால், ஆண்டவரிடம் சொல்கிறதைப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

கிரேஸ் எழுதும் கட்டுரையில் 'ஒரு குடும்பம்' என்றுதான் வருமாம். பேர் போடக் கூடாதாம். மகிமையெல்லாம் கர்த்தருக்கே. ஆனால் நம் சபைப் பத்திரிகையிலாவது பந்தல் தேவசகாயம் என்று முழுசாகப் போட வேண்டும். பொய் சொன்னவனும் நான், எழுந்து நின்று அதை ஒத்துக்கொண்டவனும் நான். இரண்டையும் என் பேரிலேயே எழுதுங்கள்.