மறுபாதிக்கு ஊற்றாத ஸ்பிரிட்

ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு அம்பிகா என்றால் விஞ்ஞானி. உண்மையில் நான் வேலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் தட்டு கழுவி, புற்றுநோய் செல் வளர்க்கும் டெக்னீஷியன். தெருவை நான் திருத்தவில்லை. பட்டம் சும்மா வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

அந்த செல்களுக்குச் சர்க்கரை என்றால் உயிர். தின்றுவிட்டு அமிலம் கக்கும். அவை வளரும் ரோஸ் நிறத் திரவம் மஞ்சளாகிவிடும். கருஞ்சீரகச் சாற்றை ஸ்பிரிட்டில் கரைத்து, செல் வளரும் தட்டில் பாதிக் குழிகளில் ஊற்றினேன். மூன்றாம் நாள் மற்றதெல்லாம் மஞ்சள். கருஞ்சீரகக் குழிகள் மட்டும் அப்படியே ரோஸ். தின்பதையே நிறுத்திவிட்டன! ஆய்வக மேடத்திடம் காட்டுவதற்கு முன்னால் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

மார்பகப் புற்றுக்குக் கீமோ ஊசி போட்டுக்கொண்டிருந்த என் அக்கா ஜோதி அதைப் பார்த்தாள். முடி கொட்டி, வாந்தியில் நொந்துபோயிருந்தவள், என்னிடம் சொல்லாமல் ஊசியை நிறுத்திவிட்டுக் கருஞ்சீரகக் கஷாயத்துக்கு மாறிவிட்டாள். ஆறு வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"இன்னாக்கா இது?" என்று கத்தினேன்.

"நீதானடி கண்டுபுடிச்ச?" என்றாள்.

அக்கா வீட்டுக்காரர் செல்வகுமார் மாமாவுக்குத் தோல் ஷெட்டில் வேலை. நான் செய்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, போட்டோவை உற்றுப் பார்த்தார்.

"நாங்க புது சாயம் போட்டுப் பார்க்கணும்னா ஒரு தோல முதுகோட ரெண்டா அறுப்போம். ஒரு பாதிக்குப் புதுசு, மறுபாதிக்குப் பழசு. மத்தபடி தண்ணி, உப்பு எல்லாம் ஒண்ணுதான். மஞ்சளான குழிக்கும் அந்த ஸ்பிரிட்ட ஊத்துனியா அம்பிகா?"

ஊற்றவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் ஆய்வகத்தில் வெறும் ஸ்பிரிட்டை மட்டும் ஊற்றி வைத்தேன். மூன்றாம் நாள் அதே ரோஸ். செல்களைக் கொன்றது ஸ்பிரிட். பேர் கருஞ்சீரகத்துக்கு, பீத்தல் எனக்கு. அன்றைக்கே போய் அக்காவிடம் சொல்லி அழுதேன். மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"ரெண்டு ஊசிக்கு ஏம்மா வரல?" என்று டாக்டர் கேட்டார்.

"பஸ் கிடைக்கல டாக்டர்," என்றாள் அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டு. ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்?

"இல்ல டாக்டர். என்னாலதான் வரல," என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். "பெருசாயிருக்கு. இன்னைக்கே ஊசிய ஆரம்பிச்சிடலாம்."

அக்கா என் கையை விடவில்லை. உதறியிருந்தால் தேவலை என்றிருந்தது.