அண்ணம் பிளந்த குட்டிக்கு நேர்ந்த கிடா

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பரளச்சிப் பக்கம் மானாவாரி நிலம். பருத்தி பொய்த்தால்கூட மச்சான் முகம் வாடாது. அவருடைய சிப்பிப்பாறை நாயின் வம்சத்தை யாராவது குறைத்துச் சொன்னால் வாடிவிடும்.

அந்த நாய் ஒரு மாசி மாதம் ஈன்றது. ஒரு குட்டிக்கு மட்டும் குடித்த பால் மூக்கு வழியே திரும்பி வந்தது. வாயைத் திறந்து பார்த்தால் மேலண்ணத்தின் நடுவே நீளமாக ஒரு பிளவு.

வம்சத்தில் குறை தேடுவதைவிட வானத்தில் தேடுவது மச்சானுக்கு எளிது. "கிரகணத்தன்னிக்கு சினை நாய வெளிய விட்டுட்டா ஒங்கக்கா," என்றார்.

தேதி பார்க்காமல் எதையும் நம்புவது என் வழக்கமில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். நாய் சினையாக இருந்த நாட்களில் கிரகணமே இல்லை.

"இங்க இல்லாட்டி என்ன மாப்ள, அமெரிக்காவுல பிடிச்சிருக்கும்."

"அங்கிட்டுப் பிடிச்சா இங்கிட்டு நாய்க்குட்டி வாய் பிளக்குமா? ஒங்க வாய்க்கு ஒண்ணும் ஆகலையே!" என்றாள் அக்கா.

மதுரையில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் காட்டினோம். பால் நுரையீரலுக்குள் போனால் குட்டி பிழைக்காது, கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் ஆபரேஷன், அதுவரை வாய் வழியே குழாய் விட்டு வயிற்றுக்கே பாலை இறக்க வேண்டும் என்றார். அக்கா கற்றுக்கொண்டாள். மற்ற குட்டிகள் கோழி விரட்டப் போன பிறகும் இது அவள் மடியிலேயே கிடந்தது. மச்சானும் சும்மா இருக்கவில்லை. குலசாமிக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டார். உழைப்பு அக்காவுடையது, பக்தி அவருடையது, உயிர் ஆட்டினுடையது.

வைகாசிக் கடைசியில் டாக்டரம்மா பிளவின் இரு ஓரச் சதையையும் நகர்த்தி நடுவில் சேர்த்துத் தைத்தார். "கரைச்ச கஞ்சி மட்டும்தான். கெட்டியா எதையும் கடிக்கவே கூடாது. தையல் பிரிஞ்சா மறுபடி முதல்லேருந்து." மச்சான் பலமாகத் தலையாட்டினார். அவர் தலை கேட்காமலும் ஆடும்.

அடுத்த வாரமே கிடாவெட்டு. சாமி காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாதாம். விசேஷமே குட்டிக்காக என்பதால், தையலைப் பிராண்டாமலிருக்க டாக்டரம்மா கழுத்தில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் கூம்போடு அதுவும் கோயிலுக்கு வந்தது. யாருக்காக நேர்ந்தோமோ அவர்களுக்கே முதல் கறி என்பது அந்தக் குடும்பத்து முறை. அக்கா உலை அடுப்பருகே நின்ற நேரம், மச்சான் கூம்பைக் கழற்றி, தொடைக்கறியை எலும்போடு வைத்தார். நான் பந்தியிலிருந்து எழுந்து ஓடுவதற்குள் கடக்கென்று சத்தம் கேட்டது.

"சாமி கறி ஒண்ணும் செய்யாது மாப்ள!"

மறுநாள் அக்கா ஊற்றிய கஞ்சி மூக்கில் வந்தது.

டாக்டரம்மா முதலில் குட்டியின் வாயைப் பார்த்தார், பிறகு மச்சானின் வாயை. தையலின் பின்பாதி பிரிந்திருந்தது. "என்ன குடுத்தீங்க?"

"சாமி கறிதாங்க."

"சாமியே தின்னுட்டுப் போயிருக்கலாமே," என்றார். புண் ஆறட்டும், பிறகு தைக்கலாம், அதுவரை பழையபடி குழாய்தான்.

திரும்பும் வழியில் மச்சான் வண்டிக்குள்ளேயே கைகூப்பினார். "இந்த வாட்டி ரெண்டு கிடா!"

அக்கா குட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "நேர்ந்துக்கங்க. கறி வேகுறதுக்குள்ள ஒங்க கழுத்துல கூம்ப மாட்டிருவேன்."

ஆவணியில் மறுபடி தைத்தார்கள். இந்த முறை பிரியவில்லை. குலசாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள் அக்கா. அதைக் கரைத்துக் குட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். மச்சானுக்கும் கரைத்தே ஒரு கிண்ணம்.