பசியாறியாச்சோ பிள்ளை

இருளாயிக்கு ஈப்போ பட்டணத்தில் பெயரே கிடையாது. உரமும் தோட்டத்துச் சாமான்களும் விற்கும் அந்தக் கம்பெனியில் பதினைந்து வருஷமாக, அழைப்புகளை இணைத்துவிடும் தொலைபேசிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே இருப்பவர்களுக்கு அவள் 'ஆபரேட்டர் அக்கா', வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு வெறும் 'ஹலோ'. பெற்றவர்கள் ஆசை ஆசையாகக் குலசாமி பெயரை வைத்தார்கள். பாவம், அது அடையாளக் கார்டில் தூங்குகிறது.

பாகான் செராய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் முதல் வீட்டில் பிறந்தவள். முதல் வீடு என்றால் லேசுப்பட்டதா? யார் யாரைத் தேடி வந்தாலும் அங்கேதான் விசாரிப்பார்கள். "சின்னையா வீடு எதும்மா?" என்று கேட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். அப்புறம் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயம் காலியானது. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணப் பேச்சு வந்த வேகத்தில் போனது. ஈப்போவில் ஒரு கடை மாடியில் அறை எடுத்து, மூன்றாம் படிவம் வரை படித்த ஆங்கிலத்தையும் நல்ல குரலையும் வைத்து இந்த நாற்காலியைப் பிடித்தாள். இங்கேயும் முதல் வீட்டு வேலைதான்.

அவளுடைய நாளில் ஒரே ஒரு நல்ல நேரம் இருந்தது. ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த இளையதம்பி ஐயா தினமும் காலையில் கூப்பிடுவார். பேச்சு அசல் யாழ்ப்பாணம். மேனேஜரைக் கேட்பதற்கு முன்னால், "பசியாறியாச்சோ பிள்ளை?" என்பார்.

"ஆச்சுங்கய்யா. நீங்க?"

"ஓமோம். மேனேஜரிட்டைப் போடுங்கோ."

அவ்வளவுதான். ஆனால் ஊர் உலகமெல்லாம் பேசிப் போகும் அந்தப் பலகையில், அவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அந்த மனுஷனிடம் பொய் சொல்லக்கூடாது என்பதற்காகவே சீக்கிரம் வந்து, வழியில் வாங்கிய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பலகைக்கு முன்னாலேயே பிரித்துச் சாப்பிட்டு முடிப்பாள். அதற்கு முன்பெல்லாம் காலையில் வெறும் கோப்பிதான். பைத்தியக்காரி என்று சொல்வீர்களோ, சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கென்ன!

எண்பத்தேழில் புது லைன் பேச்சு வந்தது. கம்பெனியில் இருந்தவை பழைய செம்புக் கம்பிகள். ஒரு கம்பியில் ஒரு பேச்சு, எட்டுக் கம்பியும் நிறைந்துவிட்டால் அடுத்தவருக்கு 'டூட் டூட்' சத்தம்தான். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்து கரும்பலகையில் படம் போட்டார். இனி டிஜிட்டலாம். குரலை எண்களாக மாற்றி அனுப்புவதால் ஒரே கேபிளில் முப்பது பேர் பேசலாமாம். மேனேஜர் ஜெயபாலன் இருளாயியையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். முப்பது வாசல் வைத்த ஒரே லயம் என்று அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

அதிலும் இரண்டு வகை. ஒன்றில் கம்பெனிக்கு ஒரே நம்பர், எல்லா அழைப்பும் ஆபரேட்டரிடம் வந்துதான் உள்ளே போகும். இன்னொன்றில் மேசைக்கு மேசை தனி நம்பர். வெளியிலிருந்து அடித்தால் நேராக அந்த மேசையிலேயே மணி அடிக்கும். முதல் வீட்டில் யாரும் நிற்க வேண்டியதில்லை.

"எது நல்லது, ஆபரேட்டர் அக்கா?" என்று கேட்டார் ஜெயபாலன்.

"என் வழியாவே வரட்டும் சார்."

"கஸ்டமர் காத்துக்கிட்டு நிக்கிறாங்களே?"

"இன்னும் வெரசா போட்டுடுறேன் சார்."

"அடடே, வேலை போயிடும்னு பயமா? போகாது லா! நம்பர் தெரியாதவங்க கூப்பிட்டா ஆள் வேணும்ல? இனிமே உங்களுக்கு செனாங் லா, சுலபமான வேலை!"

வேலையைப் பற்றி இங்கே எவர் கவலைப்பட்டார்! பசியாறியாச்சா என்று ஒருத்தர் கேட்பது நின்றுவிடும் சார், அதனால் நேர் நம்பர் வேண்டாம் என்று எந்தப் பெண்பிள்ளை வாயைத் திறந்து சொல்வாள்? சிரித்து வைத்தாள். இரண்டாவது வகையே வந்தது.

புது லைன் வந்த நாள் பலகை செத்துக் கிடந்தது. உள்ளே மேசைகளில் மணி மாற்றி மணி அடித்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், "ஆங், இளையதம்பி ஐயாவா? சொல்லுங்க, சொல்லுங்க," என்று ஜெயபாலன் பேசுவது கேட்டது. வாங்கி வந்த பொட்டலத்தை அவளால் பிரிக்க முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. அழுகை வேறு வந்து தொலைத்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில், மனப்பாடமாக இருந்த ஆயர் தாவார் நம்பரை அவளே அடித்தாள்.

"ஹலோ, கிராணி கதைக்கிறன்."

"ஐயா, நான் இருளாயி."

"எந்த இருளாயி?"

"ஈப்போ ஆபரேட்டருங்கய்யா."

"அட, பிள்ளையோ! நேர் நம்பர் வந்தாப்பிறகு சத்தத்தையே காணேல்லை. ஆர் கதைக்கப் போகினம்? போடுங்கோ."

சொல்லிவிட்டு, மரியாதையாகக் காத்திருந்தார். அவளும் பழக்கதோஷத்தில் பலகையைப் பார்த்தாள். போடுவதற்கு அங்கே யாரும் இல்லை.

"யாரும் இல்லீங்கய்யா. நான்தான் பேசுறேன்."

"பிள்ளையோ கதைக்கிறது? என்ன விஷயம்?"

பொட்டலம் கட்டிய நூலோடு பக்கத்தில் கிடந்தது.

"இன்னும் பசியாறலைங்கய்யா," என்றாள் இருளாயி.