நனைந்த தப்பும் மூன்று மணி மேடையும்

பதுளையில் நடந்த உணவு, பண்பாட்டு விழாவில் மத்தியானம் மழை பெய்து தப்பு மேளங்கள் எல்லாம் நனைந்துவிட்டன. மூன்று மணிக்கு மேடை. நான் ரொட்டிக் கடைக்காரன். தப்பு அடிக்கிறவன் இல்லை. ஆனால் விழாவில் கடை போடுகிறவனுக்கு, பக்கத்தில் நடப்பதெல்லாம் தன் தலையில்தான் விழும். நீங்களும் கடை போட்டவராக இருந்தால் விளக்கம் வேண்டாம்.

காலையிலிருந்து சொல்கிறேன்.

முகம்

ஆகஸ்ட் வெயில், பள்ளிக்கூட விடுமுறை, நல்ல கூட்டம். கல்லில் தேங்காய் ரொட்டி, பக்கத்தில் மிளகாய் இடித்த கட்டச்சம்பல். கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பி ரொட்டி வாங்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு நின்றார். தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி ஒரு வீடியோ என்றார். எடுத்துக்கொள் என்றேன். எடுத்தார், பார்த்தார், திருப்தி இல்லை. வியாபாரம் நன்றாகப் போனது என் முகத்தில் தெரிந்திருக்கிறது.

"ஐயா, கொஞ்சம் கஷ்டப்பட்ட மாதிரி இருங்களேன்."

பலகை

கடைக்கு மேலே மாட்டும் பலகையை விழாக்காரர்களே எழுதிவிடுகிறார்கள். நம்மைக் கேட்பதில்லை. எனக்கு வந்தது 'தொழிலாளர் உணவு'.

பக்கத்துக் கடையில் வட்டிலப்பம். பண்டாரவளையில் புடவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர், வீட்டில் செய்ததை விழாவுக்கு விழா கொண்டுவந்து விற்பார். அவர் பலகையில் 'பண்டிகை இனிப்பு'. என் பலகையை இரண்டு தரம் வாசித்தார். ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எனக்குப் பண்டிகை, ஒங்களுக்குத் தொழிலா? திங்கிற எடத்துலயும் ஒங்கள வேலைக்கு அனுப்பிட்டாங்களே அண்ணே."

மழை

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தப்புக்காரர்கள் நாலு பேர். மூத்தவர் ராமையா. வருஷா வருஷம் இவர்களை வாசலில் நிறுத்துவார்கள். பிரதம விருந்தாளி வந்தால் அடித்து உள்ளே கூட்டிவர வேண்டும். அவர் உள்ளே போனபின் இவர்களை யாரும் தேடுவதில்லை. இந்த வருஷம்தான் முதல் தடவையாக மேடையில் பத்து நிமிஷம். அதைப் பார்க்க ராமையாவின் மகள் நமுனுகுலையிலிருந்து பஸ் ஏறி வந்து, காலையிலேயே முன் வரிசையில் இடம் பிடித்துவிட்டாள்.

வாசலில் அடித்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. விருந்தாளிக்குக் குடை இருந்தது. மழை நின்றபின்னும் வெயில் வரவில்லை. ஈரத் தோலில் குச்சி பட்டால் சாக்கைத் தட்டின சத்தம்தான். நெருப்பில் காட்டி முறுக்கேற்ற வேண்டும். ஆனால் மைதானத்தில் விறகு நெருப்பு கூடாது என்று புதுச் சட்டம். எங்கள் எல்லாருக்கும் கேஸ் அடுப்பு. நாலு பேரும் என் கடைக்கு ஓடிவந்தார்கள். கல்லை இறக்கிவிட்டு, காட்டுங்கள் என்றேன். ராமையா நெருப்புக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார்.

"இது ஒரே எடத்துல குத்துதுங்க. தோலு வெடிச்சிரும்."

ஒரே விறகடுப்பு

மைதானத்தில் விறகடுப்பு ஒன்று இருந்தது. 'பண்டைய சமையலறை' என்று மண் குடிசை கட்டி, காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதற்கு மட்டும் அனுமதி. உள்ளே ஒரு சிங்களப் பெண்மணி விருந்தாளிக்காகப் பாற்சோறு கிண்டிக்கொண்டிருந்தார். குடிசை வாசலில் கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் அதிகாரி.

கேட்டேன். அது காட்சிக்கு என்றார். ஐந்து நிமிஷம் போதும் என்றேன். விருந்தாளி சாப்பாடு என்றார். எனக்குப் பொறுமை கிடையாது. கத்தினேன். ராமையா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதிகாரி குரலை உயர்த்தவேயில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. சாப்பாடு செய்யிற எடத்துக்குள்ள தோல் சாமானை எப்படி விடுறது?"

பானை

அந்தப் பேச்சு தப்புக்காரர்களுக்குப் புதிதில்லை. மேடையில் இவர்களுக்கு முந்தின நடனம் தொடங்கிவிட்டது. வாசலுக்கே போய்விடுவோம் என்று ராமையா தன் ஆட்களிடம் மெதுவாகச் சொன்னார். மகள் இருந்த பக்கம் அவர் திரும்பவேயில்லை. நான் அதிகாரிக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுத முடியாது.

உள்ளே இருந்த பெண்மணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் அவருக்குச் சந்தையில் பழகின அளவு. பழந்துணியால் பிடித்துப் பானையை இறக்கித் தரையில் வைத்தார். காய்ந்த தென்னோலையை மடித்து அடுப்பில் செருகினார். நெருப்பு எழும்பியது. விருந்தாளிக்கு என்ன சொல்வது என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். பெண்மணி ராமையாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"சோறு பொறகு வேகும். நீங்க உள்ள வாங்க."

நாலு பேரும் குனிந்து உள்ளே போனார்கள். தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். ராமையா விரலால் ஒரு தட்டு தட்டினார். வெளியே ஐஸ்கிரீமுக்கு நின்ற வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மேடையில் பத்து நிமிஷம் என்றது இருபதாகியும் யாரும் இறங்கச் சொல்லவில்லை. விருந்தாளி பசியோடு கைதட்டினார். ராமையாவின் மகள் கைதட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நான் சூடாக இரண்டு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்து, அந்தப் பெண்மணியின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

விழா நல்லபடியாக நடக்கக் காரணமானவர்கள் என்று நன்றியுரையில் அதிகாரிகள் பெயரெல்லாம் வாசித்தார்கள். அதில் விட்டுப்போனது ஒரே ஒரு பெயர், குசுமாவதி.